நீண்ட பெயர் கொண்ட கோப்புகளைத் தரவுத்தள ஸ்கிரிப்ட் மூலம் நகலெடுத்துப் பெயர் மாற்றுதல்: ரங்கூன் கடைப் பேரேடுகள்

வளவுவீடு (கானாடுகாத்தான்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேல்மாடிப் பெட்டகத்தில் இருந்த ரங்கூன் கடைக் கணக்குகளை, அதாவது பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, கடிதக் கட்டுகள் ஆகியவற்றை, ஒரு நிறுவனத்திடம் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கியிருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு டிஃப் படக் கோப்பு என்ற கணக்கில் பல ஆயிரம் கோப்புகள் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் உள்ளன. ஸ்கேன் செய்த பிள்ளைகள் அக்கறையோடு வேலை பார்த்திருக்கிறார்கள். ஏட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே தமிழில் கோப்பின் பெயராக வைத்திருக்கிறார்கள். "ஸ்ரீ ரங்கூன் கடைப் பேரேடு பிரபவ வருஷம் தை மாதம் பக்கம் 112 இடது" என்பது அவற்றுள் சிறிய பெயர்களில் ஒன்று. சில பெயர்கள் இதைப்போல மூன்று மடங்கு நீளும்.

இந்தக் கோப்புகளுக்கு இலத்தீன் எழுத்தில் சுருக்கமான புதுப்பெயர் கொடுத்து வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓர் அட்டவணை அமைத்து, பழைய பாதை, புதிய பாதை என்ற இரண்டு புலங்களையும் நிரப்பிவிட்டேன். பிறகு வரிசை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பி கட்டளையைக் கோத்து, தரவுத்தளத்திலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்டும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வழியாக இயக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். ஸ்கிரிப்ட் எந்த இடத்திலும் நிற்காமல் கடைசி வரிசை வரை ஓடியது. விளைவு மட்டும் ஒரே சீராக இல்லை. சில கோப்புறைகளிலிருந்து ஒரு கோப்புகூட வரவில்லை. சில கோப்புறைகளிலிருந்து வந்த கோப்புகள் திறக்கவே மறுக்கின்றன, சில திறந்தாலும் வேறு ஏட்டின் பக்கத்தைக் காட்டுகின்றன. இன்னும் சிலவற்றின் பெயர் பாதியில் முடிந்து, டிஃப் என்ற பின்னொட்டே இல்லாமல் நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பெயரின் நீளம் ஒன்றுதான் காரணமா, வேறு காரணங்களும் உண்டா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கல்லுக்கட்டி (காரைக்குடி) எழுதியது:

வணக்கம் அண்ணன். நான் தரவுத்தள நிர்வாகத்தில் வேலை பார்ப்பவன். முதலில் ஒரு வேண்டுகோள்: மூல டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம், எதற்கும் அங்கேயே பெயர் மாற்றவும் வேண்டாம். இதுவரை நகலெடுத்து வந்த கோப்புகளை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள். அவற்றுள் நல்லவை எவை, கெட்டவை எவை என்று பிரித்துப் பார்ப்பதைவிட மறுபடி எடுப்பது எளிது.

இனி மூன்று கேள்விகள். கட்டளையைக் கோக்கும் மாறி எந்த வகையில், எத்தனை நீளத்தில் அறிவிக்கப்பட்டுள்ளது? பழைய பாதைக்கான புலம் வார்காரா (ஒரு குறியீட்டுப் பக்கத்துக்கு உட்பட்ட உரைவகை), என்வார்காரா (யூனிகோடு உரைவகை)? ஒரு கோப்பும் வராத கோப்புறைகளின் பெயர் தமிழில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் இருக்கிறதா?

வளவுவீடு எழுதியது:

மாறி வார்கார் 255. பழைய பாதைப் புலம் என்வார்கார் 400. தாங்கள் கேட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். தமிழில் பெயர் வைத்த கோப்புறைகளிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்புறைகளிலிருந்து கோப்புகள் வந்திருக்கின்றன, ஆனால் முன்பு சொன்னபடி பழுதாகியோ மாறியோ வந்திருக்கின்றன.

கல்லுக்கட்டி எழுதியது:

அப்படியானால் தங்கள் ஸ்கிரிப்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. நீளம் அவற்றுள் ஒன்றுதான், அதுவும் முதன்மையானது அன்று.

முதலாவது, எழுத்துவகை. வார்கார் என்பது ஒரு குறியீட்டுப் பக்கத்துக்குள் அடங்கும் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். விண்டோஸில் தமிழுக்கென்று வார்காருக்குப் பயன்படும் பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் எதுவும் கிடையாது, தமிழ் முற்றிலும் யூனிகோடு வழியாகவே வந்த மொழி. எஸ்க்யூஎல் சர்வர் 2019-இல் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன் என்னும் எழுத்து விதித் தொகுப்பைப் பயன்படுத்தினால் ஒழிய, வார்கார் மாறிக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாக மாறிவிடும். தங்கள் புலம் என்வார்கார் என்பதால் அட்டவணையில் பெயர்கள் நலமாக இருக்கின்றன. அவை மாறிக்குள் போன கணத்தில்தான் சிதைந்திருக்கின்றன. புலமே வார்காராக இருந்திருந்தால் பெயர்கள் அட்டவணையிலேயே அழிந்திருக்கும், டிஸ்க்கிலிருந்து மீண்டும் படித்து ஏற்றுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் தங்கள் கோப்புகள் பழுதான கதை இதில்தான் அடங்கியிருக்கிறது. விண்டோஸின் கட்டளை நிரலான சிஎம்டி-யைப் பொறுத்தவரை கேள்விக்குறி என்பது வெறும் குறி அன்று, "இந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரி" என்று பொருள்படும் பொதுக்குறி. பெயரில் உள்ள தமிழ்க் குறிகள் எல்லாம் கேள்விக்குறிகளாகி, இடைவெளிகளும் 112 என்ற எண்ணும் மட்டும் மிஞ்சினால், அதே கோப்புறையில் அதே அமைப்பில், அதே பக்க எண்ணோடு இருக்கும் மற்ற ஏடுகளின் பக்கங்களும் அந்த வார்ப்பில் பொருந்திவிடும். மூலத்தில் பல கோப்புகள் பொருந்தி, போய்ச் சேரும் இடத்தில் ஒரே ஒரு கோப்புப் பெயர் கொடுக்கப்பட்டிருந்தால், காப்பி கட்டளை அந்தப் பல கோப்புகளையும் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக எழுதும். அவ்வாறு ஒட்டும்போது அவற்றை உரைக் கோப்புகளாகவே கருதும், எனவே 26 என்ற மதிப்புள்ள பைட் எதிர்ப்பட்ட இடத்தில் அக்கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். படக் கோப்பில் அந்த மதிப்பு எங்கு வேண்டுமானாலும் வரும். தங்களுக்குத் திறக்க மறுக்கும் கோப்புகள் கிடைத்தது இதனால்தான். பொருந்திய கோப்புகளுள் வேறு ஏட்டின் பக்கம் முதலில் வந்து நின்றிருந்தால், திறக்கும்போது அந்தப் பக்கம் தெரியும். பொதுக்குறியைக் கோப்பின் பெயரில் ஏற்கும் சிஎம்டி, நடுவில் வரும் கோப்புறையின் பெயரில் ஏற்காது. ஆகவே தமிழ்க் கோப்புறைகள் முழுவதும் தொடரியல் பிழை என்று மறுக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பி_சிஎம்டிஷெல் அந்தச் செய்தியை ஒரு விடை வரிசையாக மட்டும் தந்துவிட்டுப் போகும், தாங்கள் அதன் திரும்பு மதிப்பைச் சோதிக்காத வரையில் ஸ்கிரிப்ட் நிற்காது.

இரண்டாவது, மாறியின் நீளம். அட்டவணைப் புலத்தில் கொள்ளாத சரத்தை நுழைத்தால் எஸ்க்யூஎல் சர்வர் பிழை சொல்லும். மாறியில் கொள்ளாத சரத்தை வைத்தாலோ ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டிவிடும். மூலப் பாதையும் போகும் பாதையும் சேர்ந்து 255-ஐத் தாண்டிய இடங்களில் கட்டளையின் வால் அறுந்திருக்கிறது. பின்னொட்டு இல்லாத கோப்புகள் அப்படி வந்தவையே. நீளமே குறிப்பிடாமல் என்வார்கார் என்று மட்டும் அறிவித்தால் அது ஓர் எழுத்தைத்தான் கொள்ளும், காஸ்ட் செய்யும் (வகை மாற்றும்) இடத்தில் நீளம் குறிப்பிடாவிட்டால் 30. ஆகவே மாறியை என்வார்கார் 4000 என்று அறிவியுங்கள், ஒற்றை மேற்கோளுக்குள் தமிழ் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் முன்னே "என்" என்ற முன்னொட்டையும் இடுங்கள்.

மூன்றாவதுதான் தாங்கள் ஐயப்பட்ட நீளம். விண்டோஸில் மரபான பாதையின் வரம்பு 260. டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, சாய்கோடுகள், கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி எல்லாம் அதற்குள் அடக்கம், எனவே நமக்குக் கிடைப்பது 259. கோப்புறை உருவாக்கும்போது, அதனுள் பழைய 12 எழுத்துக் கோப்புப் பெயர் ஒன்றுக்கு இடம் விட வேண்டும் என்பதால் வரம்பு 248 ஆகிறது. ஒரு தனிப் பெயருக்கு விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தரும் இடம் 255. இந்த வரம்பைத் தாண்டிய பாதைகள் ஒரு டிஸ்க்கில் எப்படி உருவாகின்றன என்று பலர் வியப்பார்கள். உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு கோப்புறையைப் பகிர்வாகத் திறந்து அதன் வழியே எழுதினால் பாதை குறுகியதாகத் தெரியும். மேலே உள்ள கோப்புறையின் பெயரைப் பின்னால் நீட்டினாலும் கீழே உள்ளவை வரம்பைத் தாண்டிவிடும்.

தாண்டியவை எவை என்று அட்டவணையிலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு லென் என்ற செயற்கூற்றை நம்பாதீர்கள், அது கடைசி இடைவெளிகளைக் கணக்கில் சேர்க்காது. பைட்டுகளை எண்ணும் டேட்டாலெங்த் தரும் மதிப்பை 2-ஆல் வகுத்து, 259-க்கு மேற்பட்டவற்றைத் தனியே எடுங்கள்.

தெற்குவீதி (தேவகோட்டை) எழுதியது:

வணக்கம். நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் வேறொரு பக்கத்திலிருந்து பேச விரும்புகிறேன். கல்லுக்கட்டித் தம்பி சொன்னவை எல்லாம் நகலெடுக்கும் வழியைப் பற்றியவை. எனக்குக் கவலை பெயர்களைப் பற்றியது. அந்தப் பிள்ளைகள் வைத்த நீண்ட பெயர்தான் இப்போதைக்கு அந்த ஏடுகளுக்கு இருக்கும் ஒரே அட்டவணைப் பதிவு. கடையின் ஊர், ஏட்டின் வகை, வருஷம், மாதம், பக்கம் அனைத்தும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைச் சுருக்கிப் புதுப்பெயர் வைத்துவிட்டு, பழைய பெயர் இருந்த டிஸ்க் ஒருநாள் பழுதாகிப் போனால், பக்கங்கள் இருக்கும், அவை எந்தக் கடையின் எந்த வருஷத்துப் பக்கங்கள் என்று சொல்வதற்கு ஒன்றும் இராது.

ஆகவே பழைய பெயரை முழுமையாக, ஓர் எழுத்தும் திருத்தாமல், ஒரு புலத்தில் நிரந்தரமாக வைத்திருங்கள். அதிலுள்ள செய்திகளைத் தனித்தனிப் புலங்களாகப் பிரித்த பிறகே புதுப்பெயரை உருவாக்குங்கள். ஊர், விலாசம், கடை, ஏட்டு வகை, வருஷம், மாதம், பக்கம், பக்கத்தின் புறம் என்று பிரிக்கலாம். விலாசத்துக்கு, அதாவது கடையைக் குறிக்கும் முன்னெழுத்துக் கோவைக்கு, தனிப் புலம் அவசியம். நம் பக்கத்துக் கணக்குகளில் ஆளின் பெயரைவிட விலாசமே கடையை அடையாளம் காட்டும்.

வருஷத்தைப் பிரிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். 60 வருஷப் பெயர்கள் சுழன்று வருபவை. பிரபவ என்றால் 1867-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1927-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். ரங்கூன் 1852-இலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், ரங்கூன் கடை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 1867 இராது என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்ட முடியாது. தாளையும் கையெழுத்தையும் தொகையையும் பார்த்து மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். வருஷம் சித்திரையில் பிறப்பதால், 1927-இல் தொடங்கிய பிரபவ வருஷத்துத் தை மாதம் 1928 சனவரியில் வரும். பெயரில் 1927 என்று மட்டும் போட்டால் அந்தப் பக்கங்கள் ஓராண்டு பின்னால் போய் உட்காரும். எனவே ஏட்டில் உள்ள வருஷம், நாம் கணித்த ஆங்கில ஆண்டு, அந்தக் கணிப்பு உறுதியா ஊகமா என்பது ஆகிய மூன்றையும் தனித்தனிப் புலங்களாக வையுங்கள்.

கல்லுக்கட்டி எழுதியது:

ஆச்சி சொல்வது முற்றிலும் சரி. நான் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். செய்திகள் அனைத்தும் புலங்களில் ஏறிவிட்டால் கோப்பின் பெயரில் பொருள் எதுவும் இருக்கத் தேவையில்லை, வெறும் வரிசை எண் போதும். பெயரில் ஆண்டைப் போட்டு, பிறகு கணிப்பு தவறு என்று தெரிந்தால் பெயரையும் மாற்ற வேண்டிவரும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தெற்குவீதி எழுதியது:

தம்பி, தரவுத்தளம் எப்போதும் கையருகே இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நாளைக்கு யாரோ ஒரு பேரப்பிள்ளை அந்த டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போகும், அதில் எண்கள் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ஆண்டை விட்டுவிடலாம் என்பதை ஏற்கிறேன், மாறக்கூடிய செய்தி பெயரில் இருக்கக் கூடாதுதான். மாறாத செய்தி இருக்கலாம் அல்லவா? கடைக்கு மூன்றெழுத்துக் குறியீடு, ஏட்டு வகைக்கு இரண்டெழுத்துக் குறியீடு, ஏட்டு எண், நான்கு இலக்கப் பக்க எண், புறம் ஆகியவை போதும். 30 எழுத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஏட்டு எண்ணையே ஒரு காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி, ஏட்டின் உள்ளே வைத்துவிடுங்கள். பேனாவோ ஒட்டும் லேபிளோ கூடாது. கோப்பும் ஏடும் அட்டவணையும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

கல்லுக்கட்டி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஏட்டு எண்ணைப் பென்சிலால் எழுதி உள்ளே வைப்பது எனக்குத் தோன்றாத யோசனை, அது ஒன்றுக்காகவே ஆச்சியின் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

செம்மண் (திருமயம்) எழுதியது:

இந்த இழையில் லினக்ஸ் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. வளவுவீடு ஐயா நகலெடுக்கும் இரண்டாவது டிஸ்க் வலையில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியாக இருந்தால், அதற்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸாகவே இருக்கும். அங்கே வரம்பு வேறு வகையானது. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 என்பது யூடிஎஃப்-16 அலகுகளின் எண்ணிக்கை, லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் 255 என்பது பைட்டுகளின் எண்ணிக்கை. ஆங்கிலப் பெயர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், தமிழில் தோன்றாது. கானாடுகாத்தான் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 7 எழுத்து. யூனிகோடில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் 14 அலகு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் ஆகும் என்பதால் 42 பைட். அதாவது லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 85 தமிழ்க் குறியெண்கள்தான் இடம், நம் கணக்கில் ஏறத்தாழ 50 எழுத்து. விண்டோஸில் சிக்கலின்றி இருந்த பெயர்கள் பெட்டிக்குப் போகும்போது "பெயர் மிக நீளம்" என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். புதுப்பெயர் இலத்தீனில் இருப்பதால் தங்களுக்குத் தொல்லை இல்லை. மூலக் கோப்புகளை அதே பெயரில் அங்கே காப்புநகல் எடுக்க முயன்றால் கட்டாயம் தொல்லை வரும்.

இன்னொன்று உண்டு, இது எல்லாவற்றையும்விட நுட்பமானது. "கொ" என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகிய இரண்டுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். ஸ்கேன் செய்தவர்கள் பலர், பல விசைப்பலகைகள் என்றால் இரண்டு வடிவங்களும் கலந்தே வந்திருக்கும். அட்டவணையை யாராவது ஒரே விசைப்பலகையில் தட்டச்சு செய்து நிரப்பியிருந்தால், பாதையில் உள்ள பெயர் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் கோப்பு கிடைக்கவில்லை என்றே விடை வரும். பழைய பாதையை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யாமல், டிஸ்க்கைப் படிக்கும் நிரலிலிருந்தே நிரப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

பெயரிலிருந்து செய்திகளைப் பிரிக்கும்போது மட்டும் ஒரு பிரதியை எடுத்து என்எஃப்சி என்னும் யூனிகோடு ஒருசீர் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் அதற்கு உள்ளமைந்த செயற்கூறு இல்லை, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல் தொகுப்பில் உள்ள நார்மலைஸ் அதைச் செய்யும். "ஸ்ரீ" மட்டும் அதற்கும் அடங்காது. அது ஸகரத்தில் தொடங்குவதாகவும் இருக்கும், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவதாகவும் இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவற்றை என்எஃப்சி ஒன்றாக்காது, நீங்களே ஒரு மாற்று விதி எழுத வேண்டும். "கௌ" என்பதற்குக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டியிருந்தாலும் அதே நிலைதான். கணக்கேட்டுப் பெயர்களில் பாதி "ஸ்ரீ" என்றுதான் தொடங்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வளவுவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தேடிப் பார்த்ததில் செம்மண் ஐயா சொன்ன இரண்டு வகை "ஸ்ரீ"-யும் எங்கள் அட்டவணையில் உள்ளன. ஒரே பேரேட்டின் முன்பாதி ஒரு வகையிலும் பின்பாதி மற்றொரு வகையிலும் இருப்பதால், வரிசைப்படுத்தும்போது ஏடு இரண்டாகப் பிரிந்து நின்றது. மாறிகளை என்வார்கார் 4000 ஆக்கிவிட்டேன். இனி நகலெடுக்கும் வேலையை எக்ஸ்பி_சிஎம்டிஷெல் கொண்டே தொடரலாமா, மாற்று வழி உண்டா என்று சொல்ல வேண்டுகிறேன். விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நீண்ட பாதைகளைத் தாங்கும் என்று ஒருவர் சொன்னார்.

கல்லுக்கட்டி எழுதியது:

ரோபோகாப்பி நீண்ட பாதைகளைத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் அது போகும் வழியில் பெயரை மாற்றாது. மூலத்தை அதே பெயரில் இன்னொரு விண்டோஸ் டிஸ்க்குக்குக் காப்புநகல் எடுக்க அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் திரும்பு எண் 1 என்றால் கோப்புகள் நகலாயின என்று பொருள், 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. சுழியைத் தவிர மற்றதெல்லாம் பிழை என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்கள் இங்கே வீணாக அலறும்.

எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்க்யூஎல் சர்வர் 2005 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, தகுந்த காரணத்தோடுதான். நிர்வாக உரிமையுள்ளவர் அதை அழைத்தால் கட்டளை ஓடுவது அவருடைய கணக்கில் அன்று, சர்வர் சேவையின் கணக்கில். தங்கள் உள்நுழைவில் இணைத்த பிணைய டிரைவ் எழுத்துகள் அந்தக் கணக்குக்குத் தெரியாது, வெளி டிஸ்க்கில் அதற்கு அனுமதியும் இல்லாமல் இருக்கலாம். தமிழ்ப் பெயர் சரியாகவே போனாலும், திரும்பி வரும் செய்தியில் எழுத்துகள் சிதைந்து வரக்கூடும் என்பதால் எந்தக் கோப்பு தவறியது என்று படிக்க இயலாது. இடைவெளியுள்ள பெயர்களுக்கு இடும் இரட்டை மேற்கோள் குறிகளிலும் வில்லங்கம் உண்டு: கட்டளையில் இரண்டுக்கு மேற்பட்ட குறிகள் இருந்து, அது குறியிலேயே தொடங்கினால், முதல் குறியையும் கடைசிக் குறியையும் சிஎம்டி கழற்றிவிடும்.

இவை அனைத்துக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது ஒன்று. தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாகச் செய்யும் மாற்றங்களின் தொகுதியை) திரும்பப் பெற்றால் அட்டவணை பழைய நிலைக்குப் போய்விடும், அதற்குள் டிஸ்க்கில் நகலான கோப்பு திரும்பப் போகாது. நாற்பதாவது வரிசையில் பிழை வந்து எல்லாவற்றையும் திரும்பப் பெற்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று அட்டவணை சொல்லும், டிஸ்க்கில் 39 கோப்புகள் கிடக்கும். எது எந்தப் பெயருக்குப் போக வேண்டும் என்பதைத் தரவுத்தளம் முடிவு செய்யட்டும், நகலெடுப்பதை வெளியில் உள்ள நிரல் செய்யட்டும், செய்து முடித்ததை ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணையில் திரும்ப எழுதட்டும்.

நான் செய்யும் முறை இது. அட்டவணையில் நிலை என்ற புலம் ஒன்று இருக்கும். திட்டமிட்டது, நகலானது, சரிபார்த்தது, தவறியது என்பவற்றுள் ஒன்றை அது காட்டும். புதுப்பெயருக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும், இரண்டு பக்கங்களுக்கு ஒரே பெயர் விழுந்தால் நகலெடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பழைய முழுப்பாதையின் மேலும் அத்தகைய கட்டுப்பாடு வேண்டுமென்றால், அதற்கான இன்டெக்ஸ் (தேடல் அட்டவணை) சாவியின் வரம்பு 2016 பதிப்பு முதல் 1700 பைட், அதற்கு முன் 900 பைட் என்பதால் மிக நீண்ட பாதைகள் கொள்ளாமல் போகலாம். பாதையின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாள எண்ணை) தானே கணக்கிடும் புலமாக வைத்து அதன்மேல் கட்டுப்பாட்டைப் போடலாம். மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல் 7 இந்த அட்டவணையைப் படித்து, திட்டமிட்டது என்ற நிலையில் உள்ள வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பின் ஹாஷைக் கெட்-ஃபைல்ஹாஷ் கொண்டு கணித்து அட்டவணையில் எழுதும், நகலெடுக்கும், நகலின் ஹாஷையும் கணித்து ஒப்பிடும், பொருந்தினால் மட்டும் நிலையை மாற்றும். மின்சாரம் போய் நடுவில் நின்றாலும், மீண்டும் ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

காப்பி-ஐட்டம் கட்டளையில் மூலத்தை எப்போதும் லிட்டரல்பாத் என்ற அளபுருவோடு கொடுங்கள். இல்லாவிட்டால் பெயரில் உள்ள சதுர அடைப்புக்குறிகள் பொதுக்குறிகளாக எடுத்துக்கொள்ளப்படும். ஸ்கேன் செய்தவர்கள் "தெளிவில்லை" என்று சதுர அடைப்பில் எழுதும் வழக்கம் உண்டு. தங்களிடம் பவர்ஷெல் 5.1 மட்டுமே இருந்தால், ஸ்கிரிப்ட் கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் நிற்கும் குறியாக்க அடையாளம்) உள்ள யூடிஎஃப்-8-ஆகச் சேமியுங்கள், அன்றேல் அதனுள் எழுதிய தமிழ் மாற்று விதிகள் எல்லாம் சிதைந்த எழுத்துகளாகவே படிக்கப்படும். 259-ஐத் தாண்டிய பாதைகளுக்கு முன்னால் \\?\ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் வரம்பு ஏறத்தாழ 32,767 ஆக உயரும், ஆனால் பாதை முழுமையாக இருக்க வேண்டும், பின்சாய்கோடு மட்டுமே வர வேண்டும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புகளின் பதிவகத்தில் நீண்ட பாதைகளை அனுமதிக்கும் அமைப்பு உண்டு. அதை இயக்கினாலும், நீண்ட பாதையை ஏற்பதாக அறிவித்துக்கொண்ட நிரல்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

தெற்குவீதி எழுதியது:

மூலக் கோப்பின் ஹாஷை அட்டவணையில் எழுதி வைப்பதை நான் மிகவும் வரவேற்கிறேன். பத்தாண்டு கழித்து ஒரு பக்கத்தைத் திறந்து, இது அன்று ஸ்கேன் செய்த பக்கம்தான் என்று உறுதி சொல்ல அது ஒன்றுதான் துணை. அட்டவணையின் நகலை, பழைய பெயர், புதுப்பெயர், ஹாஷ், பிரித்த செய்திகள் அனைத்தோடும், ஒரு சாதாரண உரைக் கோப்பாக எடுத்து, படங்கள் இருக்கும் அதே டிஸ்க்கின் மேல் கோப்புறையில் வைத்துவிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் இல்லாத வீட்டிலும் அதைத் திறந்து படிக்க முடியும்.

வளவுவீடு எழுதியது:

பவர்ஷெல் 7 நிறுவி, ஆச்சி சொன்ன பெயர் முறையில், ஒரு பேரேட்டை மட்டும் முழுமையாக எடுத்துப் பார்த்தேன். ஹாஷ் எல்லாம் பொருந்தின. நிலைப் புலத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எது முடிந்தது, எது நிற்கிறது என்று ஐயமே எழவில்லை. மாமாவும் மைத்துனரும் உட்கார்ந்து வருஷக் கணிப்புப் புலத்தை ஏடு ஏடாக நிரப்பி வருகிறார்கள்.

ஒரே ஒரு கோப்புறை மட்டும் வழிக்கு வரவில்லை. கடையின் விலாசத்தையே அதன் பெயராக வைத்திருக்கிறார்கள், "அ.ஆ.இ." என்பதைப்போல முற்றுப்புள்ளியில் முடியும் பெயர். எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது, திறந்தால் இல்லை என்கிறது. பாதையின் நீளமோ 100-கூட இல்லை.

செம்மண் எழுதியது:

அது நீளச் சிக்கல் அன்று, புள்ளிச் சிக்கல். பெயரின் கடைசியில் வரும் முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸின் வழக்கமான செயற்கூறுகள் தாமாகவே நீக்கிவிட்டுத்தான் தேடும். கோப்பு முறைமையில் புள்ளியோடு இருக்கும் பெயரைப் புள்ளியில்லாமல் தேடினால் கிடைக்காது. அந்தக் கோப்புறை வேறு இயங்குதளத்திலிருந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன \\?\ முன்னொட்டு இதற்கும் மருந்து, அந்த முன்னொட்டோடு கொடுத்த பாதையை விண்டோஸ் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டில் 259-ஐத் தாண்டியவற்றுக்கு மட்டும் முன்னொட்டு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, எல்லாப் பாதைகளுக்கும் சேர்த்துவிடுங்கள். பாதையில் எங்கேனும் புள்ளியும் பின்சாய்கோடும் அடுத்தடுத்து வரும் வரிசைகளை ஒருமுறை தேடிப் பாருங்கள், விலாசத்தைப் பெயராக வைத்த வேறு கோப்புறைகளும் இருக்கும்.

வளவுவீடு எழுதியது:

தேடினேன், பர்மாவின் மற்றோர் ஊரான மொளமீன் கடைக் கடிதக் கட்டுகளிலும் அப்படிச் சில இருந்தன. முன்னொட்டைச் சேர்த்த பிறகு அனைத்தும் திறந்தன. நிலைப் புலத்தில் தவறியது என்று நின்றவற்றைத் திட்டமிட்டது என்று மாற்றி, மீண்டும் ஓடவிட்டிருக்கிறேன்.